கடைசித் தட்டு

ஆக்சிஜன் சிலிண்டரைப் படிப்படியாக மேலே ஏற்றி, மாடி வளைவில் சுவரோடு சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடப்பதைப் பொத்தான் பார்த்தாள். சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்துக் கால்மாட்டில் வைக்கப்பட்டிருந்தது. சக்கர நாற்காலியைக் காணோம். ஜன்னலோரம் இருந்த சின்ன சிலிண்டரையும் காணோம். அப்பாவின் செல்போனுக்கு அடித்தாள். அது சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து பாடியது.

"உங்கப்பாதான் கூட்டிட்டுப் போனாரு," என்றாள் கீழ்வீட்டுக்காரி, பாதிப் படி ஏறி வந்து நின்று. "குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு எறங்கினாரு. நான் பதறிப்போய், ஆஸ்பத்திரிக்கான்னு கேட்டேன். உங்கம்மா எனக்கு டாட்டா காட்டினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க அப்படியா சிரிப்பாங்க?"

எங்கே போயிருப்பார்கள் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. முந்தின நாளே அம்மா கேட்டிருந்தாள். "நாளைக்கு சாயங்காலம் நம்ம ஆளுங்க தோண்டின குழிய மூடுறாங்களாம். ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேனே." "அந்தத் தூசியிலயா? பேசாமப் படும்மா," என்றிருந்தாள் பொத்தான், வார்டில் அடம்பிடிக்கும் நோயாளிகளிடம் பேசும் குரலில். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்ஸிக்காரரை விரட்டிக்கொண்டே போனாள். அவள் வேலை பார்ப்பது தீவிர சிகிச்சைப் பிரிவில். பெரிய டாக்டர்களே "சிஸ்டர் வராங்க" என்றால் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் மட்டும் அவள் இன்னமும் பொத்தான்தான். பிறந்தபோது உருண்டையாக, உள்ளங்கைக்கு அடக்கமாக இருந்தாளாம். அம்மா அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மற்ற அம்மாக்கள் முத்து, தங்கம் என்று கொஞ்சுவார்கள். இவளுக்கு மட்டும் பொத்தான். "முத்தைப் பூட்டி வெப்பாங்க. பொத்தான்தான் தினமும் கூடவே இருக்கும்," என்பாள் அம்மா.

அம்மா தொல்லியல் துறையில் இருந்தாள். ராஜா, சிம்மாசனம், புதையல் எதிலும் அவளுக்கு நாட்டமில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் குப்பைக்குழி. பழைய காலத்து மனிதர்கள் வீட்டுக் கொல்லையில் வேண்டாததைக் கொட்டி மூடிய குழிகள். "அரண்மனையில இருக்கறதெல்லாம் மத்தவங்க பாக்கறதுக்குன்னு வெச்சது. குப்பையில மட்டுந்தான் மனுஷன் பொய் சொல்றதில்ல," என்பாள். முறிந்த ஊசி, காது குடையும் குச்சி, விரிசலுக்கு அரக்கு வைத்து ஒட்டிய சட்டி, சக்கரம் போன பொம்மை வண்டி. ஒருமுறை பொத்தானின் வகுப்பையே அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். கிரீடங்கள் இருந்த அறையை, மற்றவர்கள் மளிகைக் கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டி, ஓர் இருட்டு மூலையில் போய் நின்றாள். கண்ணாடிக்குள் ஒரு பகடைக்காய். "நல்லா பாருங்க. இதுல ஆறு ரெண்டு பக்கம் இருக்கு. ஒண்ணைக் காணோம். ஏன்?" பிள்ளைகள் விழித்தார்கள். "கள்ளாட்டம்! இவன் மாட்டியிருப்பானா, மாட்டலையா?" வண்டி திரும்பி வரும் வழியெல்லாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

அப்பா அந்தத் துறையின் ஜீப்பை ஓட்டியவர். அம்மா அகழ்வுக்குப் போகுமிடமெல்லாம் கொண்டு போய் விட்டு, நாள் முழுக்க ஜீப் நிழலில் காத்திருந்து, திரும்பக் கூட்டி வருவார். ஒரு நாள் அம்மா ஒரு செப்புக் குச்சியைக் கொண்டுவந்து, "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டாளாம். "பல்லு குத்தறதா?" "இல்ல. காது குடையறது." அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பவும் காது அரிச்சுதா?" என்று கேட்டாராம். அம்மா சிரித்த சிரிப்பில் ஜீப் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். அந்த வருடமே கல்யாணம். படித்த பெண் டிரைவரைக் கட்டிக்கொண்டாள் என்று அம்மாவின் அண்ணன், பொத்தானின் மாமா, வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா அதற்கும் சிரித்தாள். அன்றிலிருந்து இன்றுவரை அப்பாவை "டிரைவர்" என்றுதான் கூப்பிட்டாள். மாமா வாயில் வசவாக இருந்த சொல் அவள் வாயில் வேறாக இருந்தது.

இப்போது அம்மாவின் நுரையீரல் கெட்டியாகிவிட்டது. காய்ந்த பஞ்சு போல, எவ்வளவு இழுத்தாலும் காற்று உள்ளே தங்குவதில்லை. மாற்று வழி இல்லையென்று பொத்தானின் ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். தெரிந்திருந்தும், நர்ஸாக அவள் சிலிண்டர் மாற்றினாள், மாத்திரை கொடுத்தாள், ஜன்னலைச் சாத்தினாள்.

ஊருக்கு வெளியே, புதிதாகக் கட்டடம் எழும்பப் போகும் மனையில் அந்தக் குழி இருந்தது. தகரக் கொட்டகை ஓரத்தில் அப்பாவின் பழைய கார். அப்பா கையில் விரித்த குடையோடு நின்றிருந்தார். மகளைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன காரியம்ப்பா பண்ணியிருக்கீங்க?"

அப்பா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவ கேட்டா."

"கேட்டா? அதுக்கு?"

"அவ எங்கிட்ட எதையும் கேட்டதில்லம்மா. வேணும்னா தானே எடுத்துக்குவா. இன்னைக்குக் காலையில, 'டிரைவர், வண்டி எடுப்பீங்களா?'ன்னு கேட்டா." அவர் குழிப் பக்கம் பார்த்தார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவள் அவரைத் தாண்டி நடந்தாள்.

குழியின் ஓரத்தில், தார்ப்பாய் நிழலில், சக்கர நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாய். மடிமேல் ஒரு தட்டு. பக்கத்தில் சல்லடை அக்கா குந்தியிருந்தாள். குழியிலிருந்து வரும் மண்ணையெல்லாம் சலித்துப் பார்ப்பவள் அவள்தான். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பாசிமணிகூட வெளியே போனதில்லை. எல்லோருக்கும் அவள் சல்லடை அக்கா. அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கண்கள் மட்டும், பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் கண்களைப்போல இருந்தன.

"பொத்தான்! வா, வா. திட்டறத அப்புறம் திட்டு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "முதல்ல இதைப் பாரு."

தட்டில், ஈரத் துணியின்மேல், பாதி மரச் சீப்பு ஒன்று கிடந்தது. குழியின் அடிச்சேற்றில் இருந்ததால் மக்காமல் தப்பியிருந்தது. ஒரு பக்கம் அகலமான பற்கள், மறுபக்கம் நெருக்கமான பற்கள். அம்மா லென்ஸை நீட்டினாள். கை ஆடியது. பொத்தான் மண்டியிட்டுப் பார்த்தாள். நெருக்கமான பற்களுக்கிடையே, கடுகில் பாதிகூட இல்லாமல், வெளிறிய என்னவோ.

"ஈருடீ!" என்றாள் அம்மா. "பேன் முட்டை!"

சல்லடை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காலையிலேர்ந்து இதே பாட்டுதாம்மா. தங்கம் கெடைச்சிருந்தாக்கூட இப்படிக் குதிச்சிருக்க மாட்டாங்க."

"தங்கத்துல என்ன இருக்கு?" அம்மா நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி... ஒருத்தி தன் பிள்ளையப் புடிச்சு... முழங்காலுக்கு நடுவுல உக்கார வெச்சிருக்கா. அது ஓடப் பாத்திருக்கு. இந்தப் பல்லு ரெண்டும் உடைஞ்சிருக்கு பாரு... தலையை வெடுக்குன்னு ஆட்டியிருக்கும். உன்ன மாதிரி."

"நான் ஒண்ணும் ஆட்டல."

"ஊரைக் கூட்டுவ."

பொத்தான் பைக்குள்ளிருந்து, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை எடுத்து அம்மாவின் விரலில் மாட்டினாள். கருவி கோடு கோடாகக் காட்டிக்கொண்டே இருந்தது. எண் வரவில்லை. வேறு விரலில் மாட்டினாள். விரல்கள் சில்லென்றிருந்தன. சின்ன சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளுக்குக் கருவியே வேண்டாம். கழுத்துக் குழி உள்ளிழுக்கும் விதம், பேச்சின் நடுவே இமைகள் சொருகித் திரும்ப மேலேறும் விதம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். வரும். தொண்டைக்குள் குழாயை இறக்குவார்கள். கைகளைக் கட்டிலின் ஓரத்தில் கட்டுவார்கள், பிடுங்கிக்கொள்ளக் கூடாதென்று. அவளே எத்தனையோ பேருக்கு அப்படிக் கட்டியிருக்கிறாள். ஒரு வாரம் கிடைக்கலாம். பேசாத ஒரு வாரம்.

செல்போனை எடுத்தாள்.

அம்மா அதைப் பார்த்தாள். ஒன்றும் மறைக்காத பார்வை. "இன்னும் ஒரு தட்டுதான் பாக்கி," என்றாள். "அதை முடிச்சுட்டுப் போலாமே."

சல்லடை அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குழிக்குள்ளிருந்த ஆட்கள்கூட மண்வெட்டியை நிறுத்தியதுபோலிருந்தது. பொத்தான் செல்போனைப் பார்த்தாள். திரை ஒளிர்ந்து, கொஞ்சம் மங்கி, தானாகவே அணைந்தது. அதைப் பைக்குள் போட்டாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எங்க அந்தத் தட்டு?" என்றாள்.

இத்தனை வருடத்தில் அம்மாவின் வேலையை அவள் கையால் தொட்டதில்லை. தள்ளி நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. கடைசி மண்ணைச் சல்லடை அக்கா ஒரு கம்பிவலைத் தட்டில் கொட்டினாள். கரியும் சாம்பலும் கலந்த, முடைநாற்றமடிக்கும் சேறு. பொத்தான் அள்ளிப் பிசையப் போனாள்.

"ஐயோ, மாவா பிசையற?" என்றாள் அம்மா. "மெதுவா. விரலால தடவிப் பாரு. கண்ணு அப்புறம்."

"டிரைவர்," என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "டீ கெடைக்குமா?"

"இதோ," என்றார் அப்பா. குடையை நாற்காலியின் முதுகில் செருகி, அவள்மேல் வெயில் விழாமல் சரிபார்த்துவிட்டு, கொட்டகைப் பக்கம் வேகமாகப் போனார். பிறகு திரும்பி வந்து, "சக்கரை?" என்றார்.

"இன்னைக்கு மட்டும் நிறையப் போடுங்க."

அவர் மறுபடி போனார். பொத்தான் மண்ணைத் தடவினாள். கூழாங்கல். வேர். நத்தை ஓடு. ஒவ்வொன்றையும் அம்மாவிடம் காட்டினாள். அம்மா, "கல்லு," என்றாள். "வேரு." கொஞ்ச நேரம் கழித்து, ஒரு கருப்புத் துண்டைக் காட்டியபோது, "கரி... ராத்திரிச் சோறு வடிச்ச அடுப்பு," என்றாள். அவளுடைய இடதுகை தட்டின் விளிம்பில், பொத்தானின் மணிக்கட்டைத் தொட்டபடி இருந்தது.

அடுத்ததாக ஒரு எலும்புத் துணுக்கு வந்தது. "இதும்மா?"

பதில் இல்லை.

அவள் நிமிரவில்லை. மணிக்கட்டின்மேல் இருந்த கையின் கனம் மாறியிருந்தது. அவ்வளவுதான். குழாயில் காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மா குழியைப் பார்த்தபடி, வாய் லேசாகத் திறந்து, சாய்ந்திருந்தாள். சல்லடை அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் உதடு துடித்தது. பொத்தான் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

ஏனென்றால் அப்பா வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு டம்ளர், சிந்திவிடக் கூடாதென்று அடிமேல் அடி வைத்து. சர்க்கரை நிறையப் போட்டுக் கலக்கிய டீ. அந்த முகத்தைப் பார்த்தபோது பொத்தானுக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவர் மனைவி இருக்கும் மனிதராக இருக்கட்டும். இந்தத் தட்டு முடியும்வரை. குனிந்து மறுபடி மண்ணைத் தடவினாள்.

அப்பா நாற்காலியின் மறுபக்கம் உட்கார்ந்தார். டம்ளரை அம்மாவின் வலது கையில் வைத்து, அவள் விரல்களைச் சுற்றி மூடப் பார்த்தார். பிறகு எடுத்துத் தரையில் வைத்தார். "சூடா இருக்கு. ஆறட்டும்," என்றார். பேச ஆரம்பித்தார். எப்போதும் பேசாத மனிதர். "அந்த ஆத்துப் பக்கம் வேலை நடந்தப்ப ஜீப்பு மணல்ல புதைஞ்சிடுச்சே, ஞாபகம் இருக்கா? நீ எறங்கித் தள்ளினியே. நான்தான் கியரை மாத்திப் போட்டு உன்மேல சேத்த அடிச்சேன். வேணும்னே செய்யல. இத்தனை நாளா நீ நம்பல."

பொத்தானின் கண்ணீர் சேற்றில் விழுந்துகொண்டிருந்தது. கூழாங்கல். கூழாங்கல். வேர். தட்டில் வேறு எதுவுமில்லை. மண் தீர்ந்து, தட்டின் கம்பி வலை தெரிந்தது.

"அப்பா," என்றாள்.

அப்பா பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரம் மனைவியின் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஆறிப்போன டீயை மண்ணில் ஊற்றினார்.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. வாசலை மிதிக்காத மாமாவும் வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, நேராக அப்பாவிடம் போனார். "ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியவளைக் குப்பையில கொண்டு போய் சாக விட்டிருக்க. டிரைவர் புத்தி உன்ன விட்டுப் போகுமா?"

அப்பா தரையைப் பார்த்தபடி நின்றார். அவருடைய கால்சட்டையின் முழங்காலில் சேறு காய்ந்திருந்தது.

"நான்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன், மாமா," என்றாள் பொத்தான்.

"நீயா? நீ நர்ஸுதானே?"

"ஆமா. நர்ஸு. அதனாலதான் சொன்னேன்."

அப்பா மகளைப் பார்த்தார். மறுக்க வந்தவர்போல ஒரு கையைத் தூக்கினார். பிறகு அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா தங்கையின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து, சின்னப் பையனைப்போலக் குலுங்கி அழுதார். பொத்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் காலை அடக்கம் நடந்தது. சல்லடை அக்கா துவைத்த உடுப்பில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் குழியின் ஓரங்களைப் பார்த்தாள். "நல்லா வெட்டியிருக்காங்க," என்று பொத்தானின் காதில் சொன்னாள். "சுவரு நூலு பிடிச்ச மாதிரி இருக்கு. அம்மா ஒத்துக்குவாங்க." அப்போதுதான் பொத்தானுக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுகை வந்தது. சல்லடை அக்கா அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் உறவெல்லாம் கலைந்தது. கீழ்வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. பொத்தான் சமையலறையில் நாற்பது பேர் குடித்த டம்ளர்களைக் கழுவினாள். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"டீ குடுக்கறப்பவே தெரிஞ்சுடுச்சு, அவ விரலு டம்ளரைப் பிடிக்கல," என்றார் அப்பா.

பொத்தான் குழாயை மூடினாள்.

"நீ தலையைத் தூக்கல. வேலையாவே இருந்த." டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்தார். "சரி, முடிச்சுட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு நெனைச்சேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

வெளியே தூறல் விழும் சத்தம் கேட்டது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். முந்தின நாள் காலையில், கிளம்பும் முன், அவர்தான் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. கொடியிலிருந்து எல்லாவற்றையும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார். அவருடையதை ஓர் அடுக்கு. பொத்தானுடையதை ஓர் அடுக்கு. அம்மாவின் இரவு உடையை உதறி, கை இரண்டையும் உள்ளே திருப்பி, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவி, மூன்றாவது அடுக்காக வைத்தார்.